வெனிஸ் முதல் செக்குவால்ஸ் வரை: மொசைக் தரையைத் தேடி ஒரு வாரம்

நவம்பர் 6, வெனிஸ்

ரயில் நிலையத்தின் படிகளில் வந்து நின்றபோது, எதிர்க்கரைத் தேவாலயத்தின் பச்சைக் குவிமாடம் பாதிதான் தெரிந்தது. மீதியைப் பனிமூட்டம் மூடியிருந்தது. நீர்ப்பேருந்தில் ஒரு முறை போக ஒன்பதரை யூரோ என்றார்கள். அந்தப் பணத்துக்கு இரண்டு வேளை சாப்பிட்டுவிடலாம் என்று கணக்கிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். வெனிஸில் பெட்டியோடு நடப்பது என்றால் ஒவ்வொரு பாலத்திலும் படியேறி இறங்குவது என்று பொருள். மூன்றாவது பாலத்தில் நான் மூச்சு வாங்க நின்றதைப் பார்த்த முதியவர் ஒருவர், ஒன்றும் கேட்காமல் பெட்டியின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கி வந்து இறக்கிவைத்தார். நன்றி சொல்ல நான் திரும்புவதற்குள் பனிக்குள் மறைந்துவிட்டார்.

தங்குமிடம் கன்னரேஜியோ பகுதியில், பழைய வீடு ஒன்றின் இரண்டாம் மாடியில் வாடகைக்கு விடும் ஓர் அறை. கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மையார் முதலில் சொன்னது, "பெட்டியை உருட்ட வேண்டாம், தூக்கி வாருங்கள்" என்பதுதான். குனிந்து பார்த்ததும் காரணம் புரிந்தது. கூடம் முழுவதும் ஒரே விரிப்பாக டெராசோ தரை. சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த சுண்ணாம்பில், பட்டாணி அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை மஞ்சள், கறுப்பு, செம்மண் நிறக் கற்கள். எங்கும் இணைப்புக் கோடு இல்லை. இரவு மேசையிலிருந்து நழுவி விழுந்த ஆரஞ்சுப் பழம் தானாக உருண்டு சன்னலோரம் போய் நின்றது. வீடு கால்வாய்ப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றும், தம் பாட்டி காலத்திலேயே அப்படித்தான் இருந்தது என்றும் அம்மையார் இயல்பாகச் சொன்னார். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு அறையின் நான்கு மூலைகளிலும் விரிசல் தேடினேன். மயிரிழைபோல் ஒன்றிரண்டு கிடைத்தன; விரல் நகம் நுழையும் அளவுக்கு ஒன்றுமில்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணமே ஒரு விரிசல்தான். கும்பகோணத்தில் அப்பா 1974இல் கட்டிய வீட்டுக்கு மொசைக் தரை. நாம் மொசைக் என்று சொல்வதைத்தான் மற்ற நாடுகளில் டெராசோ என்கிறார்கள். சிறு துண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்துச் சித்திரம் வரைவதே உண்மையில் மொசைக். கல் சில்லுகளைச் சாந்தில் கலந்து பரப்பி, இறுகியபின் தேய்த்து வழவழப்பாக்குவது டெராசோ. எப்படியோ நம் கொத்தனார்களிடம் அந்தப் பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. எங்கள் கூடத்தில் இரண்டு வருடங்களுக்கு முன் முழ நீளத்தில் தோன்றிய வெடிப்பு, இந்த ஆடியில் பூஜை அறை வாசல்வரை வந்துவிட்டது. அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் அண்ணன். கட்டட வரைபடம் போடுவதே என் தொழில் என்பதால் முடிவை என்னிடம் விட்டிருக்கிறார்கள். சேற்றில் அடித்த மரக்கழிகளின் மேல் நிற்கும் ஒரு நகரத்தில், ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்துகொண்டிருக்கும்போது, முந்நூறு ஆண்டுத் தரைகள் எப்படிப் பிளக்காமல் கிடக்கின்றன என்பதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக வந்திருக்கிறேன்.

நவம்பர் 7, வெனிஸ்

காலையில் கா ரெட்ஸோனிகோ. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு குடும்பம் தொடங்கிப் பணம் தீர்ந்து நிறுத்திய மாளிகையை, பதினெட்டாம் நூற்றாண்டில் இன்னொரு குடும்பம் வாங்கி முடித்தது. உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் தியெப்போலோவின் விதான ஓவியங்களை அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறார்கள். நான் குனிந்தே நடந்ததைக் கவனித்த காவலாளிப் பெண் அருகில் வந்து, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். தரையைப் பார்க்கத்தான் வந்தேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. சன்னலோரம் அழைத்துச் சென்று, பழுது பார்த்த ஓரிடத்தைக் காட்டினார். சொல்லாவிட்டால் கண்டுபிடித்திருக்க மாட்டேன். சாய்வாக விழும் வெளிச்சத்தில் மட்டும் அந்தத் திட்டு சற்றே கருமையாகத் தெரிந்தது.

வெனிஸின் மாளிகைகளில் வாசலிலிருந்து கால்வாய்ச் சன்னல்வரை ஒரே நீளக் கூடம் ஓடும், இருபுறமும் அறைகள். வெளிச்சம் பெரும்பாலும் கூடத்தின் முனைகளிலிருந்துதான் வருகிறது, கால்வாய்ப் பக்கத்தில் நீரில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்த அலையும் ஒளியைத் தரை வாங்கிக் கூடத்தின் நடுவரை கொண்டுபோகிறது. பளிங்குப் பலகைகளைப் பதித்திருந்தால் இணைப்புக் கோடுகள் அந்த ஒளியைத் துண்டு துண்டாக்கியிருக்கும் என்று தோன்றியது. எடையும் ஒரு காரணம். மர உத்திரங்களின் மேல் கனத்த பலகைக் கல்லை அடுக்குவதைவிட, பளிங்கு அறுக்கும் இடத்தில் மிஞ்சிய சில்லுகளைச் சுண்ணாம்பில் விதைப்பது செலவும் குறைவு, வீட்டுக்கும் நல்லது. வெனிஸ்காரர்கள் விதைத்தல் என்ற சொல்லையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

மதியம் ஒரு சந்துக்கடையில் நின்றபடியே இரண்டு முக்கோண ரொட்டிகள் தின்று காபி குடித்தேன். காபி 1.40 யூரோ. சான் மார்க்கோ சதுக்கத்தின் வளைவுகளுக்கு அடியில் உட்கார்ந்து குடித்தால் இதைப்போலப் பல மடங்கு ஆகும்; இசைக்குத் தனியாக வேறு கட்டணம். அடுமனைச் சன்னல்களிலெல்லாம் குதிரைவீரன் வடிவில் பெரிய பிஸ்கட்டுகள், மேலே வண்ண மிட்டாய்கள். பதினொன்றாம் தேதி புனித மார்ட்டின் திருநாள். அன்று பிள்ளைகள் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்கள் என்று கடைக்காரர் சொன்னார்.

சதுக்கத்தின் தாழ்ந்த பகுதியில் நீர் ஊறித் தேங்கியிருந்தது. அதைச் சுற்றிப்போக முயன்றும் என் காலணி நனைந்துவிட்டது. அந்த ஈரக் காலோடுதான் ஒலிவெட்டி காட்சிக்கூடத்தின் வாசலில் நின்றேன். தட்டச்சுப் பொறிகளைக் காட்சிக்கு வைப்பதற்காகக் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பா 1957-58இல் அமைத்த இடம் இது. அகலம் குறைந்து நீண்டு கிடக்கும் கடைக்குள் அவர் தரையைக் கொண்டே இடங்களைப் பிரித்திருக்கிறார். ஒழுங்கற்ற சிறு கண்ணாடித் துண்டுகளை வரிசை வரிசையாகச் சாந்தில் பதித்து, முகப்பு வாசலுக்குச் சிவப்பு, மற்றப் பகுதிகளுக்கு நீலம், மஞ்சள், வெண்சாம்பல் என்று நிறம் கொடுத்திருக்கிறார். சுவர் எழுப்பாமல், கதவு வைக்காமல், காலடியில் நிறம் மாறுவதாலேயே நாம் வேறு பகுதிக்கு வந்துவிட்டோம் என்று தெரிகிறது. துண்டுகளுக்கிடையே சாந்து அகலமாக விடப்பட்டிருப்பதால் தரை எப்போதும் சற்று நனைந்தாற்போல் மின்னுகிறது. வெளியே சதுக்கத்தில் தேங்கிய நீரைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவருக்கு அந்த மின்னல் தற்செயலாகத் தோன்றாது. பணியிலிருந்த இளைஞர் என் காலணியைப் பார்த்து ஒரு மிதியடியை நகர்த்திப் போட்டார். கண்டிப்பும் இல்லை, சலிப்பும் இல்லை. அரை மணி நேரம் இருக்கலாம் என்று நுழைந்து இரண்டு மணி நேரம் இருந்தேன்.

நவம்பர் 8, வெனிஸ்

இந்தப் பயணத்தில் எனக்கு மிக முக்கியமான நாள் இதுதான். நண்பர் ஒருவர் மூலம், பழைய வீடொன்றில் தரை பழுது பார்க்கும் மூத்த கைவினைஞரிடம் அனுமதி பெற்றிருந்தேன். காலை எட்டு மணிக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. வெப்பம் ஒன்பது டிகிரி. அவர் ஏற்கெனவே முழங்காலில் தோல் பட்டைகளைக் கட்டிக்கொண்டு தரையில் இருந்தார். ஆங்கிலம் தெரிந்த அவருடைய மருமகள் இடையிடையே மொழிபெயர்த்தார்.

பழுதுக்காகத் தரையின் ஒரு பகுதியைத் திறந்து வைத்திருந்ததால் அதன் குறுக்குவெட்டு முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. கீழே நெருக்கமாக ஓடும் மர உத்திரங்கள். அவற்றின் மேல் பலகை. அதற்கும் மேல் ஒரு சாண் அளவுக்குச் செங்கல், ஓட்டு உடைசல்களைச் சுண்ணாம்போடு கலந்து அடித்து இறுக்கிய அடுக்கு. அடுத்து, நன்றாக இடித்த செங்கற்பொடியும் சுண்ணாம்பும் சேர்ந்த மெல்லிய அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே சில்லு விதைத்த முகம். நான் அசையாமல் நின்றுவிட்டேன். நம் ஊரில் மெட்ராஸ் டெரஸ் என்று அழைக்கும் பழைய மச்சுக்கும் இதே முறைதானே? தேக்கு உத்திரம், அதன் மேல் சாய்வாக அடுக்கிய செங்கல், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அந்தத் தளத்தை அடிப்பார்கள். என் பாட்டி வீட்டு மொட்டைமாடி அப்படிப் போட்டதுதான். அதைக் கைப்பேசியில் வரைந்து காட்டியபோது முதியவர் வேலையை நிறுத்திவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தார். கடுக்காய் எப்படி இருக்கும் என்று கேட்டார். டெராசோ என்ற சொல்லே மொட்டைமாடியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லோடு உறவுடையதுதான் என்றார் மருமகள்.

சுட்ட மண்ணின் பொடி சுண்ணாம்போடு சேரும்போது ஈரத்திலும் இறுகுகிறது. ரோமானியர் நீர்த்தொட்டிகளுக்குப் பூசியதும் இதைத்தான். மீதியுள்ள சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. அந்த மெதுவான போக்கில்தான் இதன் பலமே இருக்கிறது. விதைத்த சில்லுகளைக் கனத்த உருளையால் உருட்டி, தட்டையான இரும்பால் அடித்து உள்ளே இறக்குகிறார்கள். இறுகக் காத்திருந்துவிட்டு, நீண்ட கழியின் முனையில் கனத்த கல்லைப் பிணைத்த கருவியால் நீரும் மணலும் விட்டு முன்னும் பின்னும் தேய்க்கிறார்கள். அந்தக் கருவிக்குப் பெயர் "ஓர்சோ", அதாவது கரடி. இன்று பெரிய பரப்புக்கு மின்பொறி வந்துவிட்டது. ஆனாலும் மூலையில் ஒரு கரடி சாத்திவைத்திருந்தது. நானும் இழுத்துப் பார்த்தேன். பத்து முறைக்கு மேல் முடியவில்லை. எல்லாம் முடிந்தபின் ஆளிவிதை எண்ணெய் ஊட்டுகிறார்கள். அதன் பிறகும் அவ்வப்போது ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நகரமே அசையும்போது தரை எப்படி நிற்கிறது என்ற கேள்வியை அவரிடம் கேட்டேன். அவர் கையைத் தட்டையாக விரித்து, அலையில் மிதக்கும் படகைப்போல மெல்ல அசைத்துக் காட்டினார். தரை நிற்பதில்லை, வீட்டோடு கூடவே போகிறது என்று மருமகள் சொன்னார். சுண்ணாம்பு சிறிது வளைந்து கொடுக்கும். அதையும் மீறினால் பெரும் பிளவாகாமல் மயிரிழைகளாகப் பிரியும். அந்த இழைகளைச் சுண்ணாம்புப் பசையும் நிறப்பொடியும் எண்ணெயும் சேர்த்து அடைத்துத் தேய்த்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிமென்ட் வந்தபோது இந்த வேலை விரைவானது, தரை மெல்லியதானது, விலையும் இறங்கியது. பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சாதாரண வீடுகளுக்கும் டெராசோ போனது அதனால்தான். ஆனால் சிமென்ட் இறுகும்போது சுருங்கும், வளையாது. எங்கே பிளக்க வேண்டும் என்பதை நாமே முன்கூட்டித் தீர்மானித்துக் கொடுக்க வேண்டியதால் பித்தளைப் பட்டைகள் வந்தன. எங்கள் வீட்டில் சதுரம் சதுரமாக ஓடும் கண்ணாடிப் பட்டைகள் வெறும் அலங்காரம் என்றே சிறு வயது முழுக்க நினைத்திருந்தேன்.

வீட்டு விரிசலின் படத்தைக் காட்டினேன். முதியவர் அதை வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்தார். விரிசல் கண்ணாடிப் பட்டையை மதிக்காமல் குறுக்கே போவதால் கோளாறு தரையில் இல்லை, அடியில் நிரப்பிய மண் இறங்கியிருக்கிறது என்றார். கும்பகோணத்துக் களிமண்ணை நான் அவரிடம் சொல்லவே இல்லை. முதலில் மண்ணைக் கெட்டிப்படுத்துங்கள், பிறகு விரிசலை வெட்டித் திறந்து அதே சில்லால் நிரப்பித் தேயுங்கள் என்றார். அந்த இடத்தில் ஒரு பட்டையைக் கூடுதலாக வைத்துவிட்டால் நல்லதாம். கடைசியாக அவர் கேட்டதுதான் மனத்தில் நிற்கிறது: "வீடு கட்டியவர் மிச்சச் சில்லை எங்கே வைத்துவிட்டுப் போனார்?" நல்ல வேலைக்காரர் பின்னால் வருபவருக்காக ஒரு மூட்டையை விட்டுப் போவார் என்பது அவருடைய உறுதியான எண்ணம். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

நவம்பர் 10, ஸ்பிலிம்பெர்கோ

நேற்று காய்ச்சல், அறையை விட்டு வெளியே போகவில்லை. வீட்டுக்கார அம்மையார் பயறு சூப் கொண்டுவந்து கொடுத்தார், பணம் வாங்க மறுத்துவிட்டார்.

வெனிஸின் தரைகளைப் போட்டவர்களில் பெரும்பாலோர் வெனிஸ்காரர்கள் இல்லை. வடக்கே ப்ரியூலி மலையடிவாரத்து ஊர்களிலிருந்து, விளைச்சல் போதாமல் இறங்கி வந்தவர்கள். அங்கே போவதற்காகப் போர்தெனோனே வரை ரயிலில் வந்து, பேருந்து அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நிறுத்தத்தில் ஒன்றே கால் மணி நேரம் நின்றேன். அந்த வரிசையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் பள்ளி நாட்களில் மட்டும் என்று அச்சிட்டிருந்ததை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ஒரு தம்பதியர்தான் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் தங்கள் காரிலேயே என்னை ஸ்பிலிம்பெர்கோவில் கொண்டு விட்டார்கள். வழியெல்லாம் அந்த மனிதர், தம் தாத்தா பிரான்சில் தரை போடப் போனதையும், குளிர்காலத்துக்கு மட்டும் ஊர் திரும்பியதையும், முழங்கால் தேய்ந்து கடைசிக் காலத்தில் நடக்கமுடியாமல் கிடந்ததையும் சொல்லிக்கொண்டே வந்தார். உலகம் முழுவதும் அழகான தரைகளைப் பார்க்கும்போது இனி அந்த முழங்கால்களும் நினைவுக்கு வரும்.

மதிய உணவு பிரிக்கோ: உருளைக்கிழங்கையும் மோந்தாசியோ பாலாடைக்கட்டியையும் சேர்த்து இரண்டு பக்கமும் முறுக வார்த்தது, பக்கத்தில் பொலெந்தா. விலை பன்னிரண்டு யூரோ. பொலெந்தா என்பது நம் மக்காச்சோளக் களியேதான். துழாவும் கரண்டியும் அதே நீளம். சைவம் என்று சொன்னதும் பரிமாறிய பெண் சமையலறைக்குள் போய்ப் பன்றிக் கொழுப்பு சேர்க்காமல் செய்யச் சொல்லிவிட்டு வந்தார்.

பிற்பகலில் தால்யமெந்தோ ஆற்றுக்கு நடந்தேன். ஆறு என்று சொன்னாலும் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைக் கூழாங்கற்கள்தான். நடுநடுவே நீல நூல்களாகப் பிரிந்தும் சேர்ந்தும் நீர் ஓடியது. குனிந்த இடத்திலெல்லாம் வெள்ளை, சாம்பல், கறுப்பு, பச்சை. தேடினால் செங்கல் நிறம். விளைச்சல் கொடுக்காத ஊருக்கு ஆறு கொண்டுவந்து கொட்டியது இந்தக் கல்லைத்தான், பிள்ளைகள் அதைக் கொண்டே பிழைக்கக் கற்றுக்கொண்டார்கள். காற்று கடுமையாக வீசியதால் நெடுநேரம் இருக்க முடியவில்லை.

நவம்பர் 11, ஸ்பிலிம்பெர்கோ, செக்குவால்ஸ்

இங்குள்ள மொசைக் பள்ளி 1922இல் தொடங்கியது. மூன்றாண்டுப் படிப்பு, பல நாட்டு மாணவர்கள். மரக்கட்டையில் செருகிய இரும்பு உளியின் மேல் கல்லை வைத்துச் சுத்தியலால் தட்டும் ஒலி, வாசலுக்கு வருவதற்கு முன்பே கேட்கிறது. இங்கே டெராசோவும் பாடம். மாணவர்கள் செய்த மாதிரிப் பலகைகள் நடைவழியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன: ஒரே சாந்தில் ஒரே கல்லைச் சிறிதும் பெரிதுமாக மாற்றினால் என்னவாகும், சாந்தின் நிறத்தை மட்டும் மாற்றினால் என்னவாகும் என்று. தொலைவிலிருந்து ஒரு தரைக்கு நிறம் கொடுப்பது கல்லைவிடச் சாந்துதான் என்பதை அந்தப் பலகைகளின் முன்னால் நின்றபோதுதான் கண்ணால் கற்றுக்கொண்டேன். பழுது பார்க்கும்போது சில்லு சரியாக இருந்தும் சாந்து ஒரு சாயல் வெளுத்துவிட்டால் ஒட்டு துருத்திக்கொண்டு தெரியும்.

மாலை செக்குவால்ஸ். பாரிஸ் ஓபராவின் மொசைக் வேலையைச் செய்த ஜான் தொமேனிகோ பாக்கீனா பிறந்த ஊர்; பிரான்சின் ரென் நகரில் வேரூன்றிய ஒதோரிகோ என்ற மொசைக் கலைஞர் குடும்பத்தின் பூர்வீகமும் இதுவே. 1933இல் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்ற பிரிமோ கர்நேராவும் இந்தச் சிற்றூர்க்காரர்தான். ஊரார் மூவரையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். தேநீர் கேட்ட கடையில் பாட்டி ஒருவர் புனித மார்ட்டின் நாள் என்று சுட்ட கஷ்கொட்டைகளைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தார். கடையின் தரை எளிய சிமென்ட் டெராசோ. கல்லாப் பெட்டிக்கு முன்னால் தலைமுறை தலைமுறையாகக் கால்கள் நின்று நின்று ஒரு வட்டம் மட்டும் மற்ற இடத்தைவிட மினுமினுப்பாக இருந்தது.

நவம்பர் 12, வெனிஸ் விமான நிலையம்

புறப்பாடு தாமதம். அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தேன். கும்பகோணத்தில் நான்கு நாளாக அடைமழையாம். அவர் குரலுக்குப் பின்னால் தாழ்வாரத்து ஓட்டில் மழை விழும் ஒலி கேட்டது. டைல்ஸ்காரரை வரவேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன். பிறகு முதியவரின் கேள்வியைக் கேட்டேன்: வீடு கட்டியபோது மிஞ்சிய சில்லு எங்காவது இருக்கிறதா?

அம்மா சிறிது யோசித்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய டால்டா டப்பாவில் கறுப்புச் சில்லு இருக்கிறது, அப்பா யாரையும் எடுக்கவிட மாட்டார் என்றார். வெள்ளையையும் சிவப்பையும் துளசி மாடத்தைச் சுற்றி அவரே கொட்டிவிட்டாராம், மழையில் மண் கரையாமல் இருக்கட்டும் என்று. முப்பது வருடங்களுக்கு மேல் இருக்குமாம்.

"அது வேண்டுமா? மழை விடட்டும்மா. பொறுக்கிக் கழுவி வைக்கிறேன்."